விசாரிக்க வரும் இறைவன்



கிறித்தவ மறைநூலில் மனிதர் இறைவனை எதிர்கொள்ளும் இடங்களைத் தொகுத்து நோக்கினால், அவற்றுக்குப் பொதுப்பெயராக வழங்கிவரும் ‘தரிசனம்’ என்னும் சொல் அவற்றுள் பலவற்றுக்குப் பொருந்தாமல் போவதும், தென்திருவிதாங்கூர்த் தமிழர் அன்றாடம் புழங்கும் ‘விசாரித்தல்’ என்னும் எளிய சொல் அந்நிகழ்ச்சிகளின் இயல்பை மிக நெருங்கி நிற்பதும் புலப்படும். இதுவே இச்சொற்பொழிவு நிறுவ முயலும் கருத்து. தரிசனம் என்பது காண விழைபவர் புறப்பட்டுச் சென்று, காணத்தக்க இடத்தில், காணத்தக்க நேரத்தில் நின்று காண்பது. விசாரித்தல் என்பது ஒருவர் இருக்கும் இடத்தைத் தேடி இன்னொருவர் வந்து, நிலைமையைக் கேட்டறிந்து, அப்படிக் கேட்பதனாலேயே அவருக்குப் பொறுப்பாளி ஆவது. நலம் விசாரிப்பதும் துக்கம் விசாரிப்பதும் வழக்கு விசாரிப்பதும் தமிழில் ஒரே வினையால் சொல்லப்படுகின்றன. விவிலியத்தின் எபிரேய மொழியிலும் ஏறத்தாழ அவ்வாறே என்பதுதான் வியப்பு.

தரிசனத்தைக் குறைத்துச் சொல்வது இவ்வுரையின் நோக்கமன்று. பள்ளிகொண்ட பெருமாளின் திருமேனியை மூன்று வாயில்கள் வழியாகக் கண்டு வணங்கும் திருவனந்தபுரமாகிய இந்நகரத்தில் அப்படிச் சொல்லவும் இயலாது. ஆண்டில் இருமுறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், ஆராட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குச் செல்லும் வேளையில் விமான நிலையத்து ஓடுபாதையே மூடப்பட்டு வழிவிடுகிறது. காணப்படும் இறைவன் புறப்பட்டு வருபவராகவும் ஆகிறார். திருமணப் பந்தலில் சுந்தரரை வழிமறித்து, ஓலையை நீட்டி, திருவெண்ணெய்நல்லூர் அவையில் வழக்காடி வென்ற முதியவரைப் பெரியபுராணம் காட்டுகிறது. இறைவன் தேடி வந்து வழக்குத் தொடுப்பது தமிழ்ச் சமய மரபுக்குப் புதிதன்று. எனவே இங்குச் செய்யப்படுவது இரு சமயங்களின் ஒப்பீடு அன்று. ஒரு சொல்லின் வழியே ஒரு நூலுக்குள் நுழையும் முயற்சி மட்டுமே.

1. ஒரு வினைச்சொல்லின் கிளைகள்

எபிரேய விவிலியத்தில் ‘பாக்கத்’ என்று ஒரு வினைச்சொல் உண்டு. கவனித்தல், சென்று பார்த்தல், பொறுப்பில் ஒப்படைத்தல், தண்டித்தல், ஆள் எண்ணுதல் எனச் சூழலுக்கேற்ப அது பொருள் விரிக்கும். கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளில் யூத அறிஞர் செய்த கிரேக்க மொழிபெயர்ப்பு, அதாவது எழுபதின்மர் பெயர்ப்பு என்று வழங்கப்படுவது, இவ்வினையைப் பல இடங்களில் ‘எபிஸ்கெப்டொமாய்’ என்று பெயர்த்தது. புதிய ஏற்பாட்டை எழுதியோர் அதே கிரேக்கச் சொல்லை எடுத்தாண்டனர். ஆயரைக் குறிக்கும் ‘எபிஸ்கொப்பொஸ்’ என்னும் சொல்லும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. பழைய தமிழ் விவிலியம் அதனைக் ‘கண்காணி’ என்று பெயர்த்தது. தோட்டத் தொழிலாளரின் நினைவில் கண்காணி என்ற சொல் பெற்றுவிட்ட கசப்பை எண்ணினால், அப்பெயர்ப்பு ஆயர்களுக்கு அவ்வளவாக உவப்பளித்திராது.

1871இல் முழுமையாக வெளிவந்த ஹென்றி பவர் குழுவின் தமிழ் விவிலியம், சீர்திருத்தச் சபைகளில் இன்றும் வாசிக்கப்படும் பாடத்திற்கு அடிப்படையாக அமைந்தது. அப்பாடத்தில் இந்த ஒரு வினை மூன்றாகக் கிளைக்கிறது. முதுமையில் சாராள் கருவுறும் இடத்தில் (ஆதியாகமம் 21:1) ‘கடாட்சம்’ என்ற சொல் வருகிறது. அது கடைக்கண் பார்வையைக் குறிக்கும் கோவில் வழக்கு. எகிப்தில் அடிமைப்பட்ட மக்களை இறைவன் கண்ணோக்குவதையும் (யாத்திராகமம் 3:16), பஞ்சம் நீங்கிப் பெத்லகேமில் உணவு கிடைத்த செய்தியையும் (ரூத் 1:6), சகரியாவின் புகழ்ப்பாட்டையும் (லூக்கா 1:68) பெயர்க்கும்போது ‘சந்தித்தல்’ என்ற சொல் நிற்கிறது. எட்டாம் சங்கீதத்திலும், யோபின் முறையீட்டிலும், பத்துக் கட்டளைகளிலும், மத்தேயு 25ஆம் அதிகாரத்திலும், யாக்கோபின் நிருபத்திலும் ‘விசாரித்தல்’ என்றே பெயர்க்கப்பட்டுள்ளது.

இந்நகரத்தின் மற்றொரு மொழி இதனை வேறுவிதமாகப் பகுத்துக்கொண்டது. 1910இல் வெளிவந்த மலையாளச் சத்தியவேத புத்தகம், ரூத்திலும் லூக்காவிலும் இறைவன் வருவதைச் ‘சந்தர்சித்தல்’ என்கிறது. நோயாளியையும் கைம்பெண்ணையும் மனிதர் போய்ப் பார்ப்பதற்குக் ‘காணுதல்’ போன்ற வீட்டுச் சொல்லையே ஆள்கிறது. மலையாளத்தில் ‘விசாரிக்குக’ என்றால் எண்ணுதல், கருதுதல் என்று பொருள். தமிழில் வாயால் கேட்பது, மலையாளத்தில் மனத்தால் நினைப்பது. ஒரே வாக்கியத்தில் இரு மொழிகளையும் கலந்து பேசும் திருவனந்தபுரத்துத் தமிழர்க்கு இவ்விரு பொருள்களும் ஒருங்கே காதில் விழும் வாய்ப்பு இருக்கிறது. எபிரேயச் சொல்லும் இவ்விரண்டையும் ஒருங்கே ஏந்தியது. எட்டாம் சங்கீதத்தில் இறைவன் மனிதனை நினைப்பதும் விசாரிப்பதும் அடுத்தடுத்த இணையடிகளாக வருவது தற்செயலன்று.

2. வினவிக்கொண்டு வருபவர்

விவிலியத்தில் இறைவன் தோன்றும் இடங்களுள் பலவற்றில், அறிவிப்போ கட்டளையோ வருமுன் ஒரு கேள்வி வருகிறது. விலக்கப்பட்ட கனியை உண்டு மரங்களுக்கிடையில் ஒளிந்தவனை நோக்கி, அவன் இருக்குமிடம் கேட்கப்படுகிறது. தம்பியைக் கொன்ற காயீனிடம் தம்பி இருக்குமிடம் கேட்கப்படுகிறது. முன்னது நலம் விசாரிப்பா, குற்ற விசாரணையா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி கதை அமைந்திருப்பதை ஊன்றி நோக்கவேண்டும். பிரிக்க முடியாமை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

இவ்வரிசையில் ஆகாரின் கதை தனித்து நிற்பது. எஜமானியின் கொடுமை தாங்காமல் பாலைநிலத்தில் ஓடிவந்த, கருவுற்ற, வேற்றின அடிமைப் பெண் அவள். நீரூற்றின் அருகில் அவளைக் கண்ட தூதன், எங்கிருந்து வருகிறாள், எங்கே போகிறாள் என்று வினவுகிறான் (ஆதியாகமம் 16). இரண்டாம் கேள்விக்கு அவளிடம் விடை இல்லை. வந்த இடத்தை மட்டும் சொல்கிறாள். அதன் பின்னர் அவள் இறைவனுக்கு ஒரு பெயர் இடுகிறாள். விவிலியத்தில் இறைவனுக்குப் பெயரிட்டதாகச் சொல்லப்படும் முதல் மனிதர் குலத்தலைவர்களோ இறைவாக்கினரோ அல்லர், இந்த அடிமைப் பெண்ணே. அவள் இட்ட பெயரின் பொருள் தன்னைக் காண்கிறவர் என்பது. இங்கே காட்சிக்குரியவர் இறைவனல்லர், காணப்பட்டவள் அவளே.

எலியாவின் கதையில் பெருங்காற்றும் நிலநடுக்கமும் நெருப்பும் வந்து போகின்றன. மூன்றிலும் இறைவன் இல்லை என்று நூல் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, மெல்லிய ஓசை ஒன்றின் பின்னே, அவனுக்கு இங்கே என்ன வேலை என்ற கேள்வியை வைக்கிறது (1 இராஜாக்கள் 19). உயிர்த்தெழுந்த இயேசுவைப் பற்றிய கதைகளிலும் முறை மாறவில்லை. எம்மாவூர் வழியில் நடந்தவர்களிடம், என்ன பேசிக்கொண்டு போகிறார்கள் என்ற வழிப்போக்கனின் விசாரிப்பு. இரவு முழுதும் வலைவீசி வெறுங்கையோடு வந்தவர்களிடம், மீன் ஏதும் பட்டதா என்ற கரைக்காரனின் விசாரிப்பு. பூந்துறையிலோ விழிஞ்ஞத்திலோ விடியற்காலையில் கரையேறும் எந்த வள்ளத்தைப் பார்த்தும் எவரும் கேட்கும் கேள்வி அது. யோவான் நற்செய்தி தன் கடைசி அதிகாரத்தை அதில் தொடங்குகிறது.

மகதலா மரியாள் கல்லறைக்குச் சென்றதுதான் உண்மையில் காணச் சென்ற செயல். இறந்த உடலைக் காணச் சென்றவளுக்கு அது கிடைக்கவில்லை. ஏன் அழுகிறாள், யாரைத் தேடுகிறாள் என்ற கேள்வியே கிடைத்தது. இந்நகருக்கு வடக்கே தும்பாவில் அவள் பெயரால் எழுந்த தேவாலயம், 1960களின் தொடக்கத்தில் ஏவுதளம் அமைப்பதற்காகக் கைமாறியது; 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் அங்கிருந்து ஏவப்பட்டது; தொழுகைக் கூடம் பணிக்கூடமாகி, இன்று விண்வெளி அருங்காட்சியகமாக இருக்கிறது. விக்ரம் சாராபாய் வந்து கேட்டதும், ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேரா ஞாயிறு வழிபாட்டில் மக்களிடமே அதனைக் கேட்டதும், அவர்கள் இசைந்ததும் அப்துல் கலாமின் எழுத்தால் நாடறிந்த செய்தி. அறிவியலும் சமயமும் கைகோத்த கதையாக மட்டும் அது சொல்லப்பட்டு வருகிறது. வீட்டையும் கோவிலையும் விட்டுப் பெயர்ந்த மீனவர் கேட்கப்பட்டார்கள் என்பது மெய். அவர்களால் மறுத்திருக்க முடியுமா என்பதும் சேர்த்துக் கேட்கப்படவேண்டியதே. விடைக்கு இடம் கொடாத வினாவை விசாரித்தல் என்று விவிலியம் சொல்லாது. ஆகாருக்கும் காயீனுக்கும் எலியாவுக்கும் பேச இடம் விடப்பட்டது.

3. யோபின் மறுப்பு

விசாரிப்பு எப்போதும் ஆறுதலாகவே அமையும் என்று கொண்டால் மறைநூலைப் பாதியே படித்ததாகும். எட்டாம் சங்கீதம், இறைவன் விசாரிக்கும் அளவுக்கு மனிதன் என்ன பெரியவன் என்று வியக்கிறது. யோபு ஏழாம் அதிகாரம் அதே வினையை எடுத்து, அதே வினாவின் அமைப்பை எடுத்து, முற்றிலும் எதிரான உணர்ச்சியில் திருப்பித் தருகிறது: காலைதோறும் வந்து விசாரிக்கவும், நொடிதோறும் சோதிக்கவும் மனிதன் என்ன அவ்வளவு பெரியவனா, எச்சில் விழுங்கும் நேரமாவது விட்டுவிடலாகாதா என்று யோபு மன்றாடுகிறான். சங்கீதத்தின் வியப்பை யோபு வேண்டுமென்றே கசப்பாக மாற்றுகிறான் என்பது விவிலிய ஆய்வாளர் பலர் ஒப்பிய கருத்து. துன்பத்தில் இருப்பவனுக்கு இறைவனின் கவனம் காவலாளியின் கண்ணாகத் தோன்றுவதும் ஓர் இறையனுபவமே. அதனை மறைக்காமல் மறைநூலுக்குள்ளேயே வைத்துக்கொண்டது இஸ்ரயேலரின் பெருந்தன்மை.

யோபின் நூல் திருவிதாங்கூரின் வரலாற்றுக்குள் வந்து சேர்ந்த வழி இங்கு எண்ணத்தக்கது. 1741இல் குளச்சல் போரில் மார்த்தாண்டவர்மரிடம் பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாய், பின்னர் அம்மன்னரின் படையைப் பயிற்றும் பொறுப்பை ஏற்றார். பத்மநாபபுரம் அரண்மனைப் பணியில் இருந்தவரும் 1712இல் நட்டாலத்தில் பிறந்தவருமான நீலகண்டன் அவரோடு பழகினார். கால்நடைகளும் பயிரும் அழிந்து மனமுடைந்திருந்த அவருக்கு டிலனாய் யோபின் கதையைச் சொன்னதாக மரபு கூறும். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் இயேசு சபைத் துறவி புத்தாரியிடம் அவர் திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்ற பெயர் தமிழில் தேவசகாயம் ஆயிற்று. ‘இறைவனே துணை’ என்பது அதன் பொருள். 1749இல் சிறைப்பட்டு, எருமைமேல் ஏற்றி ஊரூராகக் காட்டப்பட்டு, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று உரோமையில் புனிதர் பட்டம் பெற்றார்.

இவ்வரலாற்றில் காட்சி ஒன்றும் முதலில் நிகழவில்லை. தோல்வியுற்ற அயல்நாட்டவர் ஒருவர், நட்டமடைந்த அலுவலர் ஒருவரிடம் அவருடைய துக்கத்தை விசாரித்தார். அவ்விசாரிப்பின் போக்கில் ஒரு பழங்கதை சொல்லப்பட்டது. அந்தக் கதையோ துன்பத்துக்கு விடை தரும் கதையன்று. யோபின் இறுதி அதிகாரங்களில் சூறாவளியின் நடுவிலிருந்து பேசும் இறைவனும் விடை தருவதில்லை; உலகுக்கு அடித்தளம் இட்டபோது யோபு எங்கிருந்தான் என்பது தொடங்கி வினாக்களையே அடுக்குகிறார். உதயகிரிக் கோட்டைக்குள், லத்தீனிலும் தமிழிலும் எழுத்துப் பொறித்த கல்லின்கீழ் டிலனாய் 1777 முதல் துயில்கிறார். அந்தக் கல்லின் முன் நிற்பவர்கள் படைத்தலைவரையே நினைக்கிறார்கள். துக்கம் விசாரித்தவராக அவரை நினைப்பார் குறைவு.

4. இல்லாதவரை எண்ணுதல்

‘பாக்கத்’ என்னும் வினைக்கு ஆள் எண்ணுதல் என்ற பொருளும் உண்டு என்று முன்னர்ச் சொல்லப்பட்டது. எண்ணாகமத்தில் படைக்கு ஆள் கணக்கெடுப்பதும் இச்சொல்லே. அதன் செயப்பாட்டு வடிவமோ ஒருவர் குறைவதை, இல்லாமல் இருப்பதை உணர்த்துகிறது. சவுல் அரசனின் பந்தியில் தாவீதின் இருக்கை வெறுமையாகக் கிடக்கும், அவன் இல்லாதது கவனிக்கப்படும் என்று யோனத்தான் எச்சரிக்கும் இடத்தில் (1 சாமுவேல் 20:18) இருமுறையும் இந்த வேரே வருகிறது. விசாரிப்பது என்றால், வெறும் இருக்கையைப் பார்த்து, இங்கிருந்தவர் எங்கே என்று கேட்பது. நூறு ஆடுகளுள் ஒன்று குறைந்ததை அறிந்த மேய்ப்பன் செய்ததும் அதுவே. எண்ணாதவனுக்குத் தொண்ணூற்றொன்பதும் நூறும் ஒன்றாகவே தோன்றியிருக்கும்.

2017 நவம்பர் 29, 30 நாட்களில் ஒக்கிப் புயல் இக்கரையைத் தாக்கியபோது இச்சொல்லின் முழு எடையையும் திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்டங்களின் கடற்கரை ஊர்கள் சுமந்தன. எச்சரிக்கை கரைக்கு வந்து சேருமுன்னரே கடலுக்குள் போயிருந்தவர்கள் பலர். யார் எந்த வள்ளத்தில் போனார் என்பது வீட்டாருக்கும் ஊராருக்கும் பங்குப் பணியாளருக்கும் தெரிந்த அளவு அலுவலகங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. காணாமற் போனவர்களின் எண்ணிக்கையில் அரசின் கணக்கும் பங்குகளின் கணக்கும் வேறுபட்டு நின்ற நாட்களில், ஊர்க் கோவில்களில் பெயர்கள் ஒவ்வொன்றாக எழுதப்பட்டன. பெயர்ப் பட்டியல் எழுதுவதைப் பக்திச் செயலாக எவரும் சொல்வதில்லை. மறைநூலின் மொழியிலோ, இறைவன் தம் மக்களிடம் வருவதற்கும் இல்லாதவர் பெயரை எழுதி வைப்பதற்கும் ஒரே சொல். இறைவன் எங்கே இருந்தார் என்று அந்நாட்களில் கரையில் கேட்கப்பட்ட கேள்வியை இந்தச் சொல்லாராய்ச்சி தீர்த்துவிடாது. யோபின் நூலும் அதனைத் தீர்க்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் பட்டியலையும் கைவிடவில்லை என்பது மட்டும் பதிவுக்குரியது.

5. அறியாமல் நிகழ்வது

அன்றாட வாழ்வில் இறையனுபவம் என்று பேசப்படும்போது, மனத்தில் ஓர் உருக்கமோ ஒளியோ அமைதியோ தோன்றவேண்டும் என்ற எதிர்பார்ப்பு உடன் வந்துவிடுகிறது. மத்தேயு 25ஆம் அதிகாரத்தின் தீர்ப்புக் காட்சி இந்த எதிர்பார்ப்பை அடியோடு மறுக்கிறது. பசித்தவர்க்கு உணவும் அந்நியர்க்கு இடமும் கொடுத்தவர்கள், நோயாளியை விசாரிக்கச் சென்றவர்கள், சிறையிலிருந்தவரிடம் போனவர்கள் ஆகியோரிடம், அவை யாவும் அரசராகிய தமக்கே செய்யப்பட்டன என்று கூறப்படும்போது, அவர்கள் மகிழ்வதற்கு முன் திகைக்கிறார்கள். எப்போது அவரைக் கண்டோம் என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு எந்தக் காட்சியும் கிட்டியிருக்கவில்லை. நோயாளியைப் பார்க்கப் போனார்கள், நோயாளியையே பார்த்தார்கள், திரும்பினார்கள். எருசலேமைக் கண்டு இயேசு கண்ணீர் விடும் இடத்தில் (லூக்கா 19:44), தன்னைச் சந்திக்க இறைவன் வந்த காலத்தை அந்நகரம் அறியவில்லை என்பது குற்றச்சாட்டாக வருகிறது. ஓரிடத்தில் அறியாமை அழிவுக்கு ஏதுவாகிறது, மற்றோரிடத்தில் அறியாமை நன்மைக்குத் தடையாகவில்லை. வேறுபாடு இறைவனை அடையாளம் கண்டதில் இல்லை. வந்தவரை ஏற்றதிலும் தேடிப் போனதிலும் இருக்கிறது.

தென்திருவிதாங்கூர்ச் சபைகளின் வரலாற்றில் இத்தகைய அடையாளமற்ற விசாரிப்பே மிகுதி. மறைப்பணியாளர் ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்த காலந்தொட்டு எழுதப்பட்ட வரலாறுகள் மறைப்பணியாளர்களின் பெயர்களால் நிரம்பியுள்ளன. வீடுவீடாகப் போன உபதேசியார்களும், மற்றவர் நுழைய முடியாத அடுக்களை வரை சென்று பெண்களோடு உட்கார்ந்து பேசிய வேதாகமப் பெண்களும் அவ்வரலாறுகளில் பெரும்பாலும் தொகையாகவே வருகிறார்கள். நெய்யூர் மருத்துவமனையை நினைப்பவர்கள், 1920களில் எவரெஸ்டு ஏறும் முயற்சிகளில் பங்கேற்றுவிட்டு அங்கே அறுவை மருத்துவராகப் பணியாற்றிய சாமர்வெல்லை நினைப்பது இயல்பு. நோயாளியின் கட்டிலருகில் இரவைக் கழித்தவர்களுக்கு மலைச்சிகரம் எதுவும் வாய்க்கவில்லை.

ஒக்கிப் புயலுக்கு ஒன்பது மாதம் கழித்து, 2018 ஆகஸ்டு வெள்ளத்தின்போது, அதே பூந்துறையிலிருந்தும் விழிஞ்ஞத்திலிருந்தும் வலியதுறையிலிருந்தும் வள்ளங்கள் லாரிகளில் ஏற்றப்பட்டுச் செங்கன்னூர்ப் பக்கமும் பத்தனம்திட்டைப் பக்கமும் சென்றன. கேரளக் கடற்கரை முழுவதிலுமிருந்து அவ்வாறு சென்றவர்களுள் எல்லாச் சமயத்தவரும் இருந்தனர். ஆதலால் அதனைக் கிறித்தவச் சான்றாக மட்டும் காட்டுவது நேர்மையாகாது. முன்னறிமுகம் இல்லாத உள்நாட்டு வீடுகளின் மாடிச் சன்னல்களுக்கு அருகே வள்ளத்தை நிறுத்தி, உள்ளே எத்தனை பேர் என்று உரக்கக் கேட்டவர்கள், அந்தக் கேள்வி எத்தனை பழமையானது என்று எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். கடலில் குறைந்துபோனவர்களை எண்ணிய ஊர்கள், வெள்ளத்தில் இருப்பவர்களை எண்ணப் போயின.

இந்நகரின் மருத்துவக் கல்லூரி வளாகத்துக்கும் அதிலுள்ள வட்டாரப் புற்றுநோய் மையத்துக்கும் குமரி மாவட்டத்திலிருந்தும் நெல்லைப் பக்கத்திலிருந்தும் நாள்தோறும் தமிழர் வருகின்றனர். நோயாளியோடு தங்கியிருப்பவரை இங்கே ‘கூட்டிருப்புக்காரர்’ என்பார்கள். கூட இருப்பவர் என்பதற்கு மேல் அச்சொல்லில் ஒன்றும் இல்லை. யோபின் நண்பர் மூவரும் வாய்திறந்து பேசத் தொடங்கியதால்தான் பழிக்கு ஆளாயினர். அதற்குமுன் ஏழு பகலும் ஏழு இரவும் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தபோது அவர்கள் கூட்டிருப்புக்காரர்களே. மருத்துவமனை வாயில்களில் பார்வையாளர் நேரத்தைக் குறிக்கும் அறிவிப்பைப் படித்தபடி, ஊரிலிருந்து பேருந்தில் வந்து இறங்கியவர்கள் கையில் தூக்குவாளியோடு காத்து நிற்கிறார்கள். பசித்த பெத்லகேமுக்கு இறைவன் வந்ததைச் சொல்ல மலையாள வேதம் எடுத்தாண்ட ‘சந்தர்சனம்’ என்ற சொல்தான் அந்தப் பலகையிலும் எழுதியிருக்கிறது.